வெள்ளையாக விட்ட வீடு

எந்த ஏரி என்று எழுதப் போவதில்லை. மண்ணூருக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில் எங்கோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அதன் கரையை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடு அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் அதில் வசிக்கும் பெண்மணியின் ஒரே கவலை. நான் அந்த வீட்டைப் படம் வரைந்தேன். படம் வரைவதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்கள் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் இந்தச் சாலையில் குடியிருக்காதவர்கள்.

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் எனக்கு வேலை. வர்ணம் பூசி, சூட்டில் காய்ந்து, பளபளவென்று வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டிக் கூட்டையும் விளக்கு வரிசைக்கு அடியில் வைத்துச் சந்தேகப்பட வேண்டும். தூசி உட்கார்ந்திருக்கிறதா, எங்காவது வழிந்திருக்கிறதா, ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் நின்று ரசித்தால் வேலை கெட்டது. கம்பெனியில் சம்பளத்துக்குச் சந்தேகப்படுகிறாய், வீட்டில் இலவசமாகச் செய்கிறாய் என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வருடக் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஷட்டவுன் விடுவார்கள். இயந்திரங்களுக்கு ஓய்வு, அந்த வகையில் எங்களுக்கும். லைனில் என்னோடு நிற்பவர்கள் ஏற்காடு, கொடைக்கானல் என்று வண்டி பிடித்துப் போனார்கள். என் கணவருக்கு வேறு கம்பெனி, அங்கே லீவு இல்லை, கூடவே ஓ.டி. மகள் அரையாண்டு விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சுங்குவார்சத்திரத்து வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு, ஏரியைப் பார்ப்போம் என்று ஸ்கூட்டியை எடுத்தேன். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வர்ணப் பெட்டி, கிளிப் வைத்த அட்டை, மடக்கு ஸ்டூல், தண்ணீருக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். என் சுற்றுலா அவ்வளவுதான்.

நீர்வண்ணம் எனக்கு ஃபோனில் வீடியோ பார்த்து வந்த பழக்கம். அதில் எனக்கு முதலில் நம்பிக்கை வராத விஷயம் வெள்ளை. எங்கள் பெயின்ட் ஷாப்பில் வெள்ளை வண்டிக்குத்தான் பாடு அதிகம், பூச்சின் மேல் பூச்சு. நீர்வண்ணத்தில் வெள்ளைக்கு ஒரு சொட்டுகூடச் செலவில்லை. எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். சுற்றிலும் வர்ணம் ஏற ஏற, விட்ட இடம் தானாக வெள்ளையாகத் தெரியும். இதென்ன ஏமாற்று வேலை என்று நினைத்தேன். பிறகு பழகிவிட்டது.

மழை முடிந்த மார்கழி. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள் நீளமாக, சாம்பல் நிறத்தில். அவற்றுக்கு முன்னால் நாலைந்து பனை. மதகுக்குப் பக்கத்தில், கரை மேட்டில், தனியாக ஒரு சின்ன வீடு. பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தும் அதற்குள் புதுச் சுண்ணாம்பு அடித்து, வெயிலில் கண் கூசும் வெள்ளையாக நின்றது. பார்த்ததும் ஆசை வந்தது. எதிர்க்கரையில் வேப்ப மரத்தடியில் ஸ்டூலைப் போட்டேன். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பனை எவ்வளவு உயரம், வீடு எவ்வளவு அகலம் என்று அளந்து தாளில் குறித்தேன். படம் வரைகிற எல்லாரும் அப்படித்தான் அளப்பார்கள்.

வானத்தை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பைக்கில் கரைமேல் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். வேகத்தைக் குறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பேசவில்லை. ஆளரவமில்லாத இடத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆண் மூன்றாவது முறையாக அந்தப் பக்கம் வந்தால் அது இயற்கைக் காட்சி அல்ல. ஸ்கூட்டி சாவியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டேன். கணவருக்கு லொகேஷன் அனுப்பினேன். அடுத்த முறை அவர் கடந்தபோது பைக்கின் நம்பரைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். நான் எழுதுவதை அவர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. அந்த வெள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் நீல தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல் இருந்தது. ஏரி மண்ணைத் திருடுகிறார்களோ, கம்பெனிகளிலிருந்து எடுத்த காப்பர் ஒயரோ, அதனால்தான் காவலுக்குச் சுற்றுகிறாரோ என்று நானே ஒரு வழக்கை ஜோடித்துவிட்டேன். தார்ப்பாயை மட்டும் படத்தில் சேர்க்கவில்லை. வம்பு வேண்டாம் என்று புல்லாக்கிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாதி முடிந்த படத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். லைக் வந்தது. கொடைக்கானலிலிருந்துகூட ஒருத்தி இதயம் அனுப்பினாள்.

மறுநாள் போகும் வழியில் டீக்கடையில் நின்றேன். டீ ஆற்றியவர் எந்த கம்பெனி மேடம் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை ஏக்கர் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நான் லீவில் படம் வரைய வந்தவள் என்றேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி சரி என்று தலையாட்டிய விதத்திலேயே ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்பது தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சந்தேகப்படுவது என் தொழில். என்னையே ஒருவர் விளக்கடியில் நிறுத்திப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

வேப்ப மரத்தடிக்குப் போனால் நேற்று நான் ஸ்டூல் போட்ட இடத்தில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். காற்றில் வந்து விழுந்ததல்ல, அடுக்கி வைத்தது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் என்னைப் போகச் சொல்கிறவர்கள் முன்னால் போவது எனக்கு வராது. காலால் முள்ளைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்தேன். பனைகளை முடித்தேன். தண்ணீரில் அவற்றின் நிழலை இழுத்தேன். கரைமேல் மேய்ந்த ஆடுகளைச் சின்னச் சின்னப் பொட்டாக வைத்தேன். கடைசியாக வீட்டுக்குச் சாம்பல் நிழல் கொடுப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்மணி கரை சுற்றி நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு சொம்பு. பின்னால் கொஞ்ச தூரம் விட்டு நேற்று பைக்கில் சுற்றியவர், இன்றைக்கு நடந்து வந்தார். முகச் சாடையிலேயே அக்கா தம்பி என்று தெரிந்தது. அவர் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

அந்த அக்கா தண்ணீர் குடிக்கிறீர்களா என்று சொம்பை நீட்டினார். வாங்கிக் கீழே வைத்தேன். குடிக்கவில்லை. முள்ளைப் போட்டவர்கள் கொடுக்கும் தண்ணீரை எதற்காகக் குடிக்க வேண்டும். அவர் அதைக் கவனித்தார். எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“இன்னா எழுதிக்கினு கீறீங்க?”

“படம் வரையறேன்க்கா. லீவு விட்டிருக்காங்க, அதான்.”

“லீவுன்னா ஊருக்குப் போவாங்க. பென்சில வெச்சி எங்க வூட்ட அளப்பாங்களா? என் தம்பி வண்டி நம்பர இன்னாத்துக்கு எழுதினீங்க?”

அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி ஷூ, தொப்பி, அட்டை, கையில் அளவுகோல் மாதிரி பென்சில். நம்பர் எழுதிய காரணத்தைச் சொன்னேன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்கு வரவில்லை. அழிப்பானை எடுத்து அவர் எதிரிலேயே நம்பரை அழித்தேன். அவர் என் வர்ணப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

அவர்கள் இதற்கு முன்னால் வேறோர் ஊரில் இருந்தார்கள். ஊர்ப் பெயர் சொன்னார், நான் எழுதவில்லை. அங்கேயும் இதே மாதிரி ஒருநாள் ஒருவர் வந்தாராம். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, மரியாதையாகப் பேசினாராம்.

“தண்ணி கேட்டாரு, குடுத்தேன். குடிச்சாரு. சின்ன டப்பாவுல செவப்பு பெயின்ட்டு, ஒரு பிரஷ்ஷு. செவுத்துல நம்பர் போட்டுட்டு வரேம்மான்னு போனாரு. அவ்ளோதான். அந்தச் செவுரு இப்ப இல்ல.”

கம்பெனிக்கு நிலம் எடுத்தபோது பட்டா இருந்தவர்கள் ஏதோ வாங்கிக்கொண்டு போனார்கள். இவர்களுக்குப் பட்டா இல்லை. மாமனார் காலத்திலிருந்து இருந்த இடம் என்று வாயால் சொல்வதற்கு மட்டும்தான் இருந்தது. வந்து சேர்ந்தது இந்த ஏரிக்கரை. இதுவும் புறம்போக்குதான் என்று அவரே சொன்னார். சுற்றி இருந்த வயல்களில் ஒவ்வொன்றாகக் கம்பி வேலி ஏறுகிறது. யார் வந்து நின்று பார்த்தாலும் அந்தச் சிவப்பு டப்பாதான் ஞாபகம் வருகிறது. பிரஷ்ஷோடு வந்தால் கேட்கவே வேண்டாம்.

என்னால் ஒரு கெடுதலும் வராது என்றேன். நம்பிக்கைக்காகப் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அதைச் செய்திருக்க வேண்டாம். அவர் நிதானமாக விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பனமரம் கீது. மதகு கீது. எங்க ஆடுகூட கீது. வூடு எங்க?”

“இதோ இருக்கே. இந்த வெள்ளைதான் உங்க வீடு.”

“இது வெறும் பேப்பரு.”

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூச மாட்டார்கள், விட்டுவிடுவார்கள் என்று விளக்கினேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுண்ணாம்பு தின்று தோல் வெடித்திருந்தது.

“வெள்ளன்னா பூசணும். பூசாம எப்பிடி வெள்ள வரும்? நீங்க காலி எடம்னு போட்டுக்கீறீங்க.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வரைவதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் என்னிடம் வாதாடுகிறாரே என்ற எரிச்சல். பேசிப் பயனில்லை என்று பிரஷை எடுத்தேன். நீலத்தோடு கொஞ்சம் பழுப்பு கலந்து, கூரைக்கு அடியில் ஒரு நிழல், பக்கச் சுவரில் ஒரு நிழல். அவ்வளவுதான், வெற்றுத் தாள் எழுந்து வீடாக நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி தன்னை அறியாமல் கிட்டே வந்தார். அக்கா மட்டும் முன்பைவிடக் கலவரமாகப் பார்த்தார். இப்போது வீடு மாட்டிக்கொண்டதே என்ற கலவரம். போட்டால் கணக்கில் வந்துவிடும், போடாவிட்டால் காலி இடமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இல்லை என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

“போட்டதுதான் போட்டீங்க, ஆளப் போடுங்க. நான் வாசல்ல நிக்கறேன். யாரு பாத்தாலும் குடியிருக்காங்கன்னு தெரியட்டும்.”

நான் மனிதர்களை வரைந்ததே இல்லை. வராது என்று சொல்லியிருக்கலாம். நாளைக் காலையில் வெயில் வாசலில் விழும்போது வருகிறேன் என்றேன். போகும்போது சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அவர் அதையும் கவனித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார், அவருடைய கம்பெனி நண்பர் ஒருவர் என் ஸ்டேட்டஸைப் பார்த்தாராம், படத்தை மெச்சினாராம். இந்தச் சாலையில் பாதிப் பேருக்கு ஒரு ஷிஃப்ட் கம்பெனி, இன்னொரு ஷிஃப்ட் பிளாட் விற்பனை. நண்பர் அந்த வகை. நன்றாக இருக்கிறது என்றதோடு விட்டாரா என்று கேட்டேன்.

“ஏரிக்கரை ஓரமா வெள்ளையா விட்டிருக்காங்களே, அது காலி இடமா, எந்த ஊருன்னு கேட்டான். நான் தெரியாதுன்னுட்டேன்.”

தட்டைத் தள்ளி வைத்தேன். படம் பார்க்கத் தெரியாத கண் என்று நான் மட்டமாக நினைத்த கண்ணும், நிலத்தை விற்றுப் பழகிய கண்ணும் அந்த வெள்ளையை ஒரே மாதிரிதான் படித்திருக்கின்றன. நான் ஒருத்திதான் அதை வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே ஸ்டேட்டஸை அழித்தேன். ஆனால் லொகேஷன் என் கணவர் ஃபோனில் இருந்தது, நானே அனுப்பியது. அவர் குளிக்கப் போனபோது ஃபோனை எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை. வாயால் சொல்லியிருந்தால் அது ஃபோனில் தெரியவா போகிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை நான் இப்படிச் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டேன்.

காலையில் போனபோது முள் இல்லை. எதிர்க்கரையில் உட்கார வேண்டாம், கிட்டே வாருங்கள் என்று தம்பி கூப்பிட்டார். அக்கா பச்சைப் புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்து, வாசலில் நின்றிருந்தார். வாசலுக்குக் கதவு என்று இருந்தது ஒரு தகரத் தட்டி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, படத்தில் தகரத்தைப் போட வேண்டாம் என்றார். தம்பி போய் நீல தார்ப்பாயை விலக்கினார். நான் ஏரி மண்ணும் காப்பர் ஒயரும் வைத்து ஜோடித்த வழக்கு அங்கே வெட்ட வெளிச்சமானது. உள்ளே இருந்தது ஒரு மரக்கதவு, நிலையோடு. இரண்டு ஜன்னல். பழைய வீட்டை இடிக்க வருவதற்கு முன்னால் பெயர்த்துக் கொண்டுவந்தவை. பலாமரக் கதவு, தேன் நிறத்தில், குமிழ் எல்லாம் அப்படியே இருந்தது.

இவ்வளவு நல்ல கதவு இருக்கும்போது ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன்.

“மாட்டினா இன்னொரு வாட்டி பேக்கணும்மா” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்க, அந்த நிறத்தைக் கலந்தேன். படத்தில் இருந்த வாசலில் பலாமரக் கதவை மாட்டித் திறந்து வைத்தேன். திறந்த கதவின் நடுவில் பச்சையாக ஒரு கீற்று, அதன்மேல் ஒரு பழுப்புப் பொட்டு, அதன் பக்கத்தில் பூவுக்கு ஊசிமுனையளவு விட்ட வெள்ளை. முகம் கிடையாது. இருந்தும் ஆள் நிற்பது தெரிந்தது. நான் புல்லாக்கியிருந்த இடத்தில் தார்ப்பாயை மட்டும் வைக்கவில்லை. கதவுதான் மாட்டியாயிற்றே.

தாள் காய்ந்ததும் அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார். கதவு நல்லாக்கீது என்று தம்பியிடம் காட்டினார். இது உங்களுக்குத்தான், உள்ளே மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“இது எந்த எடம்னு உங்கள யார்னா கேட்டாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யை உடனே கண்டுபிடித்துவிடும் கண் அது என்று எனக்குத் தெரியும், நானும் அதே தொழிலில் இருப்பவள்தானே.

“ஒருத்தர் கேட்டார்க்கா. நாங்க சொல்லல. யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க” என்றார். அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். “ஆனா கேட்டாங்க இல்ல.”

அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. தம்பி தார்ப்பாயை இழுத்துக் கதவை மூடினார், கயிற்றை எப்போதையும்விட இறுக்கிக் கட்டுவது போல் எனக்குப் பட்டது. அக்கா படத்தை என்னிடம் திருப்பி நீட்டினார். உங்களுக்காகத்தானே வரைந்தேன் என்று மறுத்தேன். அவர் கையை மடக்கவில்லை.

“உங்க வூட்லயே இருக்கட்டும்மா. இங்க இருந்தா வூட்டோட சேந்து போயிடும்.”